தோன்றா எழுவாய்

இரவு பதினொன்றே முக்காலுக்கு
ஏற்காட்டிலிருந்து வந்தது செய்தி.
நிருபர் ஆரோக்கியம் போனில் சொல்லச் சொல்ல
பின்னால் மலைமழை தகரத்தில் கொட்டியது.
"காட்டேஜில் விபசாரம்: மூன்று அழகிகள் சிக்கினர்."

பிழை திருத்துவது என் வேலை.
மூன்று சுழியா இரண்டு சுழியா,
வல்லினம் மிகுமா மிகாதா.
விபச்சாரம் அல்ல, விபசாரம்;
'ச்' கிடையாது என்பது எங்கள் பத்திரிகையின் கொள்கை.
அந்த ஒன்றில்தான் கொள்கை.

'அழகிகள்' என்பதை அடித்து
'பெண்கள்' என்று எழுதினேன்.
'சிக்கினர்' என்பதை அடித்து
'மீட்கப்பட்டனர்' என்று எழுதினேன்.
செய்தி ஆசிரியர் சடையப்பன் கோபப்படவில்லை.
"பெண்கள்னு போட்டா எவன்மா படிப்பான்?"
என்றார், சோறு ஆறிப்போகுது என்பதுபோல.
மறுபடி அழகிகள் ஆனார்கள்.
மறுபடி சிக்கினார்கள்.

கடைசி வரியில் கைவைக்க எனக்கு ஒன்றுமில்லை.
"அங்கிருந்த ஆண்கள் எச்சரித்து அனுப்பப்பட்டனர்."
இலக்கணம் சுத்தம்.
பெயர் இல்லை, ஊர் இல்லை, வயது இல்லை.
வயதெல்லாம் மேலே இருக்கிறது,
அடைப்புக்குறிக்குள், பத்தொன்பதிலிருந்து.

எட்டாம் வகுப்புத் தமிழாசிரியை சொல்லுவார்:
வினையைப் பிடித்து 'யார்' என்று கேள்,
எழுவாய் வந்து நிற்கும்.
கேட்டேன்.
வேலை வாங்கித் தருகிறேன் என்றது யார்
வண்டி பிடித்தது யார்
வெளியே தாழ் போட்டது யார்
தாழ் திறந்து உள்ளே வந்தது யார்
அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது.

படத்தில் மூவரும் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள்.
இருவர் தலையில் துப்பட்டா.
ஒருத்திக்கு அதுகூட இல்லை, லாட்ஜ் துண்டு.
அவள் காலில் பாத்ரூம் செருப்பு,
இரண்டும் இடதுகால்.

ஐந்து ரோடு டீக்கடையில்
கட்டு இறங்கும்போதே பிரித்துவிடுவார்கள்.
"இஷ்டமில்லாமயா இருவது வளைவு ஏறிப் போனாளுக?"
"ஜவ்வரிசி மில்லுல ஆள் இல்லாம கெடக்குது.
ஒழைச்சுத் தின்ன நோகுதாமா?"
கேட்டவர் அந்தப் பக்கத்தை மட்டும் உருவி
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
நான் டீயைக் குடித்து முடித்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.
நைட் டூட்டிக்காரி என்று தெரு பேசுகிறதாம்,
வெளியே தெரியுற மாதிரி மாட்டிக்கிட்டு வா
என்றிருக்கிறாள் வீட்டுக்கார அம்மா.
நாலு வருடமாய் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆறு மணிக்கு ஆபீஸ் போன்.
"அந்தப் படம், மூஞ்சி தெரியுற மாதிரி இருக்குங்களா?
பணம்கூடத் தந்தர்றேன்."
வைத்துவிட்டேன்.

அடுத்தது வாழப்பாடியிலிருந்து. பெண்குரல்.
பின்னால் ஒரு கண்டக்டர் ஆத்தூர் ஆத்தூர் என்று கத்துகிறான்.
"பேப்பர்ல கடைசியா நிக்குதுங்களே, துண்டு போட்டுக்கிட்டு…"
நிறுத்தினாள்.
பஸ் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தாள்.
"தை மாசம் திருப்பூருக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க.
மூணு மாசமா போன் இல்லீங்க."
பிறகு, கொஞ்சம் தைரியமாய்:
"அழகின்னு போட்டிருக்கீங்க.
எம்புள்ள அப்படியொண்ணும் அழகில்லீங்க.
கருப்பு. முன்பல்லு எடுப்பா இருக்கும்.
அப்ப அது அவ இல்லீங்கதானே?"

படத்தைத் திரையில் பெரிதாக்கினேன்.
தோள் கட்டம் கட்டமாய் உடைந்தது.
சுவரைப் பார்த்து நிற்பவளின் பல்லை
எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது?

"செருப்பு என்ன போட்டுட்டுப் போச்சு?" என்று கேட்டேன்.
ஏன் கேட்டேனோ.
"புதுசுங்க. சந்தையில எடுத்தது. ஏனுங்க?"

இந்த வாக்கியத்தைத் திருத்த யாரும் இல்லை.

"சேலம் பஸ் ஏறுங்க.
புது பஸ் ஸ்டாண்டுல எறங்கி அங்கியே நில்லுங்க.
நான் வர்றேன்."
"உங்களை எப்படிங்க அடையாளம் தெரியும்?"
"கழுத்துல அட்டை மாட்டியிருப்பேன்."